மஞ்சள் றப்பர் பட்டியோடு 14 மாதம்

போன வருஷம் மே மழையில் லயத்துப் படியில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது மேல்கை எலும்பு நடுவில் முறிந்தது. எலும்பு மூன்று மாதத்தில் ஒட்டிவிட்டது, பிரச்சினை மணிக்கட்டில். அந்த எலும்பைச் சுற்றி இறங்கும் ரேடியல் நரம்பு அடிபட்டதால், கையை நீட்டினால் வாழைப்பூ மாதிரித் தொங்கும். நரம்பு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர்தான் வளரும் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து அடிமட்டத்தை எடுத்து அளந்து பார்த்து, பேசாமல் படுத்துவிட்டேன்.

பிசியோ மிஸ் சொல்லித்தான் ஹட்டனில் இந்த ஐந்து நிறப் பட்டிச் செட்டை, இழுத்துப் பயிற்சி செய்யும் றப்பர் பட்டிகளை, வாங்கினேன். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று இழுவை கூடிக்கொண்டே போக வேண்டும். என் செட்டில் அப்படியில்லை. மாமாவின் மரக்கறி நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி, இரட்டை நீளத்துக்கு இழுத்துப் பார்த்தோம். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நூறு கிராம்தான் வித்தியாசம், நீலம் திடீரென்று பாய்கிறது. கறுப்பை நான் தொடவேயில்லை. அம்மா அதில் விறகு கட்டுகிறார்.

கூட வந்த கைப்பிடிதான் பெரிய ஏமாற்றம். மணிக்கட்டைக் கீழே மடித்துக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், நல்ல கையிலேயே பிடி நிற்காது. தொங்கும் கைக்காரன் கைப்பிடியை எப்படிப் பிடிப்பது? டம்பெல்லும் அதனால்தான் சரிவரவில்லை. தங்கச்சியின் பழைய பள்ளிக்கூடப் பையிலிருந்து வாரை வெட்டி, உள்ளங்கையைச் சுற்றித் தைத்து, அதில் பட்டியை மாட்டினேன். இந்தச் செட்டில் உருப்படியான பகுதி நான் தைத்த அந்த வார்தான்.

முதல் நாலு மாதம் வலது கையில் அசையாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட், பயிற்சி முழுக்க இடது கைக்கு. பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஆனால் ஒரு கையைப் பழக்கினால் மற்றதிலும் கொஞ்சம் பலம் ஏறும் என்று 1894இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றார் மிஸ். என் கையில் எவ்வளவு ஏறியதோ, சும்மா இருப்பதை விட மனசுக்கு நல்லது.

ஐந்தாம் மாதம், முன்கையை மேசை ஓரத்தில் வைத்துக் கையைத் தொங்கவிட்டிருந்தபோது, நடுவிரல் முட்டி ஒரு நெல்லளவு எழும்பியது. அம்மாவைக் கூப்பிட்டேன். “எங்கடா, இன்னொருக்காத் தூக்கு” என்றார். தூக்க முடியவில்லை. மறுநாள் முடிந்தது. மூன்று கிழமை பட்டியே இல்லாமல் வெறும் கையைத் தூக்கினேன், பிறகு மஞ்சள், ஒரு தடவைக்கு எட்டு. பன்னிரண்டு செய்த நாட்களில் மறுநாள் விரல் எழும்பாது. களைத்த தசையை விரட்டினால் பின்னுக்குத்தான் போகும்.

ஜனவரிக் காலைக் குளிரில் கை மரத்துக் கிடக்கும். வெந்நீரில் ஐந்து நிமிஷம் வைக்காமல் தொடங்காதீர்கள். பட்டியையும் பார்க்க வேண்டும். மழைக்கு ஈரம் என்று அடுப்புக்கு மேலே காயப்போட்டேன். சூட்டில் வெடித்து, இழுக்கும்போது அறுந்து கன்னத்தில் அறைந்தது. தப்பு என்னுடையது. இப்போது பவுடர் தடவி டின்னில் வைக்கிறேன், வாரம் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்க்கிறேன்.

தண்ணீர்க் கேத்தலை வலது கையால் தூக்குகிறேன். ரொட்டி மா பிசைகிறேன். தேங்காய் துருவ இன்னும் இடது கைதான். இப்போது ஓடுவது மூன்றாவது மஞ்சள். கண்டியில் ஒரு கடையில் மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார்கள், இனிச் செட் வாங்க மாட்டேன்.