மாதச் சந்தாவா, இரண்டரை அடிக் கம்பியா?

சென்ற தீபாவளி முடிந்த கையோடு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூரையோரம் பல ஆண்டுகளாக நின்றிருக்கும் செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தட்டின் சந்தாவை நிறுத்திவிட்டேன். படம் பார்ப்பதற்காக வாங்கிய சந்தா அது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போன பிறகு, காலை ஐந்தரை மணிக்குப் பக்திப் பாடலில் தொடங்கி இரவுச் செய்தி வரை தட்டோடு இணைந்த பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது அதே தட்டின் வழி வரும் வானொலிதான். அப்படியானால் மாதந்தோறும் நான் கட்டிவந்தது செயற்கைக்கோள் வானொலிக்கான கட்டணமே என்பது தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இவ்வளவு தாமதமாகவா புலப்பட வேண்டும் என்று வெட்கமாகவே இருந்தது. இப்போது வீட்டில் ஒரு சாதாரணப் பண்பலைப் பெட்டி பாடுகிறது. என் கைப்பேசியில் செயலியும் இருக்கிறது. மூன்றையும் பழகிப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் சாய்வு பண்பலைப் பெட்டியின் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

கட்டணச் செயற்கைக்கோள் வானொலி என்றால் உலகம் முதலில் நினைப்பது வட அமெரிக்காவின் சிரியஸ் எக்ஸ்எம் நிறுவனத்தை. சிரியஸ், எக்ஸ்எம் என்று தனித்தனியாக இருந்த இரண்டும் 2008இல் இணைந்தன. டொரோண்டோவில் இருக்கும் தங்கை மகனின் காரில் ஒட்டாவா வரை, ஏறத்தாழ 450 கிலோமீட்டர், ஒரே அலைவரிசையைக் கேட்டுக்கொண்டே போனோம். வழியில் ஒருமுறைகூட யாரும் அலைவரிசையைத் தேடவில்லை. நகரங்களில் உயர்ந்த கட்டடங்கள் மறைக்கும் இடங்களுக்காகத் தரையிலும் மறு ஒலிபரப்பிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே மணிக்கணக்கில் ஆளரவமற்ற சாலை நீளும் அந்த நாட்டில், நெடுந்தொலைவு ஓட்டுபவருக்கு அது கொடுக்கிற காசுக்குத் தகும் என்றே தோன்றியது. இரண்டு வாரம் விருந்தாளியாகக் கேட்டவனின் கருத்து இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தாவை நிறுத்துவதை வேண்டுமென்றே கடினமாக்கியிருக்கிறார்கள் என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2023 டிசம்பரில் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்ததும் நினைவில் இருக்கட்டும். எப்படியானாலும் அந்தச் செயற்கைக்கோள்கள் வட அமெரிக்காவை நோக்கியே ஒலிபரப்புவதால், நமக்கு அது கைக்கு எட்டாத கனிதான்.

நம் ஆசியாவின் தலைக்கு மேலும் ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஏசியாஸ்டார் வழியே வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் ஒலிபரப்பியது. அதற்கு அடையாள இசை அமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான். அதன் தமிழ் அலைவரிசையின் பெயர் கேஎல் ரேடியோ. நம்மவர் காதுக்கு அது கேஎல் என்று நாம் சுருக்கி அழைக்கும் தலைநகர் கோலாலம்பூரின் பெயராகத்தான் விழும். 2008இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியச் சேவை நின்றது. அந்த ஒலிபரப்புக்கென்றே செய்யப்பட்ட பெட்டிகளுக்கு அதன்பின் கேட்பதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று. பண்பலைப் பெட்டிக்கு இந்தக் கதி இல்லை: ஒரு நிலையம் மூடினாலும் அடுத்த நிலையத்தை அதே பெட்டி பிடிக்கும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஒலித்தரத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தட்டின் வழி வருவது சற்றுத் துலக்கம்தான், ஆனால் தாளிக்கிற ஓசைக்கு நடுவே அந்த வேறுபாடு எடுபடாது. நிகழ்ச்சிகளும் அவையேதான். மின்னல், ராகா என்னும் நம் தமிழ் வானொலி நிலையங்கள் தட்டில் வருகின்றன, காற்றில் இலவசமாகவும் வருகின்றன. செலவுக் கணக்கு சொல்லாமலே விளங்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு வானம் கறுத்து இடி தொடங்கிவிடும். முதல் இடி கேட்டதுமே தொலைக்காட்சியின் செருகியையும் பெட்டியின் செருகியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது இங்கே பல வீடுகளின் வழக்கம். ஆகவே மழைத் துளி விழுவதற்கு முன்பே செயற்கைக்கோள் வானொலி ஊமையாகிவிடும். துணிந்து பிடுங்காமல் விட்டாலும் பலன் இல்லை. தட்டுக்கு வரும் அலை ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் நீள அலை. சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அவ்வளவு சிறிய அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. பண்பலையின் அலையோ மூன்று மீட்டர் நீளம். எவ்வளவு கொட்டினாலும் மழை அதற்கு ஒரு பொருட்டில்லை. இது எந்த நிறுவனத்தின் குற்றமும் அன்று, இயற்பியல்.

மழை விட்ட பிறகாவது சிக்கல் தீருமா என்றால், அங்கேதான் அம்மா வருகிறார். அவருக்கு வயது 78. செருகியை மாட்டி, பெட்டி விழித்தெழும்வரை காத்திருந்து, தொலைக்காட்சிக்கு ஒன்றும் பெட்டிக்கு ஒன்றுமாக இரண்டு ரிமோட்டுகளில் சரியானதை எடுத்து, மூன்று இலக்க எண்ணை அழுத்தினால்தான் பாட்டு வரும். நான் வெளியே போயிருக்கும் நாள்களில், “தம்பி, பொட்டி மறுபடியும் வாய மூடிக்கிச்சு” என்று தொலைபேசியில் அழைப்பார். போதாக்குறைக்கு, ஈரக் காற்றில் தட்டின் முனையில் இருக்கும் அலைவாங்கியின் இணைப்பு துருப்பிடித்து ஒருமுறை எல்லாமே நின்றது. ஏணி வைத்து ஏறும் வயதை நான் கடந்துவிட்டேன். ஈப்போவிலிருந்து ஆள் வந்து பார்ப்பதற்குள் ஒன்பது நாள் ஆயிற்று.

பண்பலைப் பெட்டியைச் சந்தைக்கு அருகே ஒரு சீனர் கடையில் 65 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கினேன். அதற்கு இரண்டே குமிழ்கள்: ஒன்று ஒலிக்கு, மற்றொன்று நிலையத்துக்கு. மின்னல் வரும் இடத்தில் கண்ணாடியின் மேல் அம்மா நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார். இரண்டாம் மாதமே அதன் இழுப்புக் கம்பி ஒடிந்தது. பழைய மின்கம்பியைச் சீவி, 75 சென்டிமீட்டர் அளந்து வெட்டிய செம்புக் கம்பியைச் சுற்றி, சன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் செருகிவிட்டேன். மூன்று மீட்டர் அலையில் கால் பங்கு என்பதால்தான் அந்த நீளம். இதுவரை அந்தப் பெட்டி கேட்ட பராமரிப்பு அவ்வளவுதான். மின்சாரம் போனாலும் நான்கு பேட்டரிகளில் பாடும். இடி இடிக்கையில் சுவர்ச் செருகியை எடுத்துவிட்டுக் கம்பியைச் சன்னலிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டால், மழைக்கு நடுவிலேயே ஆறு மணிச் செய்தியும் கேட்கலாம்.

செயலிகளைக் குறை சொல்ல மாட்டேன். மின்னலை ஆர்டிஎம் கிளிக்கிலும் ராகாவை சியோக்கிலும் கேட்கிறேன்; பயணத்தில் அவையே வசதி. விநாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 58 மெகாபைட் ஆகும். அம்மாவைப் போல நாளுக்கு ஆறு மணி நேரம் கேட்டால் மாதத்துக்குப் பத்து கிகாபைட்டைத் தாண்டும். வரம்பற்ற தரவுத் திட்டம் வைத்திருப்பவருக்கு இது ஒரு கணக்கே இல்லை. அதோடு நான் செயலியைப் பழகி ஓராண்டுகூட ஆகவில்லை. ஆனால் செம்பனைத் தோட்டத்துக்குள் போனால் கைப்பேசியின் அலைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதை வேலை செய்த நாள்களிலேயே பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பு செல்லாத இடமும் உண்டு. பண்பலை நேர்க்கோட்டில் போகிற அலை. நடுவே குன்று நின்றால் மறுபக்கம் வெறும் இரைச்சல்தான். லிந்தாங் பக்கம் தாழ்வான இடத்தில் வீடு கட்டியிருக்கும் என் பழைய சக ஊழியர் வீட்டில் இதே பெட்டியை வைத்துப் பார்த்தோம். செம்புக் கம்பியைக் கூரைவரை இழுத்தும் மின்னல் கரகரத்தது. அவர் தட்டுச் சந்தாவைத் தொடர்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆகவே சந்தாவை நிறுத்தும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் பக்கத்து வீட்டில் ஒரு பெட்டியை இரவல் வாங்கி, தாங்கள் வழக்கமாகக் கேட்கும் அறையிலேயே, கனமழை பெய்யும் ஒரு மாலையில் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு சந்தாவை நிறுத்தலாம்.