டர்போ போய்விட்டது என்று சொன்னால் உடனே காசை எடுக்காதீர்கள் (திருகோணமலைக்காரர்களுக்கு)

235,000 ரூபா. தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நகருக்குச் சற்று வெளியே, கணினி மூலம் பழுது கண்டறிவதாகப் பெரிய பலகை வைத்திருக்கும் ஒரு கராஜில், கெடாத டர்போவை (என்ஜினுக்குள் காற்றை நெருக்கித் தள்ளும் பாகம்) கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டி இந்தக் காசை என்னிடம் வாங்கிக்கொண்டார்கள். கெட்டிருந்தது ஒரேயொரு இக்னிஷன் காயில், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக இருந்து, பெற்றோலை எரிக்கும் பொறிக்கு மின்னழுத்தம் கொடுக்கும் சிறு பாகம். கராஜின் பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவை நீக்கச் சொல்லி ஆள் வரும், எச்சரிக்கையும் அதோடு போய்விடும்.

கார் 2002ஆம் ஆண்டு ஔடி ஏ4, 1.8 லீட்டர் டர்போ பெற்றோல் என்ஜின். நிற்கும்போது சீராக ஓடும். உட்துறைமுக வீதியில் மெதுவாகப் போனால் ஒரு குறையும் தெரியாது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் ஒரு லொறியை முந்தலாம் என்று அழுத்தி மிதித்தால்தான் கார் உதறும், இழுவை விழும், என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரியும். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்வது இதைத்தான்.

கராஜில் ஸ்கேனரைச் செருகினார்கள். திரையைக் காட்டுங்கள் என்றேன். முதலாளி ஒரு கணம் திருப்பிக் காட்டிவிட்டு, “இது உங்களுக்கு விளங்காது அண்ணன், கண்ணால் பார்க்கக்கூடியதைக் காட்டுகிறேன்” என்றார். காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் அச்சை விரலால் பிடித்து ஆட்டினார். ஆடியது. குழாய்க்குள் விரலைவிட்டு எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கு. “இரண்டும் சாட்சி. டர்போ முடிந்துவிட்டது. இப்படியே ஓட்டினால் என்ஜினும் போகும்.”

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை விழுத்தியது. எனக்குப் பிளேன்ரீ சொல்லிவிட்டு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத் தொலைபேசி எடுத்து, நான் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பக்கம் 260,000 என்றார்கள். இவர் விடவில்லை. “இவர் எங்கள் ஊர்க்காரர், குடும்பக்காரர், இவரிடம் நான் ஒரு சதமும் வைக்க மாட்டேன்” என்று எனக்காக வாதாடி 235,000க்கு இறக்கினார். எனக்காக இன்னொருவரோடு சண்டை பிடிக்கும் மனிதரை எப்படிச் சந்தேகிப்பது? முழுக்காசையும் கொடுத்தேன். அந்தப் பக்கம் பேசியது கடைக்காரர்தானா, இவருடைய மைத்துனரா என்று இப்போது யோசிக்கிறேன்.

டர்போ மாற்றிய பின் விளக்கு அணைந்திருந்தது. கணினியிலுள்ள பழுதுப் பதிவை அழித்துவிட்டால் அணையத்தானே செய்யும்! அடுத்த முறை ஹபரணைப் பக்கம் போனபோது அதே உதறல், அதே விளக்கு.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், புது டர்போ பழகும்வரை பொறுக்க வேண்டுமாம். அடுத்து, பெற்றோல் சரியில்லை, 95 ஒக்டேன் அடியுங்கள் என்றார். இந்தக் காருக்கு ஆரம்பத்திலிருந்தே 95தான் அடிக்கிறேன் என்றதும், கணினிக்கு மறுபடி பாடம் எடுக்க வேண்டும், அதற்குத் தனிக்காசு என்றார். அப்புறம் முதலாளி எப்போது கேட்டாலும் கொழும்பில்தான் இருந்தார். வாட்ஸ்அப்பில் நீலக்கோடு விழும், பதில் விழாது. ஒரு நாள் நேரில் போனேன். கொழும்பில் இருக்கும் முதலாளி உள்ளே சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிண்ணியாவில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பலகை இல்லை, கையடக்க ஸ்கேனர் ஒன்று மட்டும். அந்த நானாவிடம் (அண்ணன் என்பதுபோல அழைப்பது) டர்போக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். “தம்பி, கதை பிறகு. முதலில் கார் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்” என்றார். திரையில் வந்தது பி0302. அதாவது இரண்டாம் சிலிண்டரில் மட்டும் எரிவு தவறுகிறது. இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டில் போட்டார். பதிவை அழித்துவிட்டு, கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி அழுத்தி ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்தபோது பி0303. காயில் போன இடத்துக்குப் பழுதும் போய்விட்டது! இந்தச் சோதனைக்கு ஒரு பாகமும் வாங்க வேண்டியதில்லை. புதுக் காயில் போட்டதும் உதறல் நின்றது. நானா கூலியாக வாங்கியதைச் சொன்னால் அந்த முதலாளிக்கே வெட்கம் வரும். வராது, எழுதி வைக்கிறேன்.

கோபம் ஏன் தீரவில்லை தெரியுமா? டர்போ நான்கு சிலிண்டருக்கும் பொதுவாகக் காற்றைத் தள்ளுவது. நான்கு வயலில் ஒன்றுக்கு மட்டும் நீர் பாயவில்லை என்றால் கந்தளாய்க் குளத்தையா உடைத்துக் கட்டுவார்கள்? அந்த ஸ்கேனரிலும் இதே பி0302 இருந்திருக்கும். அதனால்தான் திரை ஒரு கணம் மட்டும் திரும்பியது. அவர் காட்டிய இரண்டு சாட்சிகளும் பொய்ச்சாட்சிகள். இந்த வகை டர்போவின் அச்சு, ஓடும்போது எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்வது. என்ஜின் நிற்கும்போது பக்கவாட்டில் சிறிது ஆடத்தான் செய்யும். முன்பின்னாக இழுபட்டாலோ, டர்போவின் உட்சக்கரம் அதன் கூட்டில் உரசினாலோதான் பயப்பட வேண்டும். என்ஜினின் ஆவிக்குழாய் காற்றுக் குழாயோடு சேர்வதால் உள்ளே கொஞ்சம் பிசுக்கும் இருக்கும். உண்மையில் டர்போ போயிருந்தால் நீலப் புகை வரும், எண்ணெய் குறையும், ஊளைச் சத்தம் கேட்கும். என் காரில் இவற்றில் ஒன்றும் இல்லை.

அழுத்தி மிதிக்கும்போது மட்டும் உதறுவதற்கும் காரணம் இருக்கிறது. டர்போ காற்றை நெருக்கும்போது பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். தளர்ந்த காயிலால் முடியாது. இந்த என்ஜினுக்கு இது பேர்போன வியாதி. 2003இல் அமெரிக்காவில் தயாரிப்பு நிறுவனமே காயில்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பழுது பார்ப்பதே தொழிலாக உள்ளவருக்கு இது தெரியாதாம், நான் நம்ப வேண்டுமாம்.

பழைய டர்போவையாவது தாருங்கள் என்று கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். நல்ல டர்போ, இந்நேரம் இன்னொருவர் காரில் 235,000 ரூபாவுக்கு ஏறியிருக்கும். எனக்குப் பூட்டியதில், உடைத்து விற்கும் இடங்களில் எழுதுவதுபோல் மஞ்சள் மையில் ஓர் இலக்கம் இருப்பதை நானா காட்டினார். இதைத்தான் ரீகண்டிஷன், அதாவது புதுப்பித்தது என்று விற்றார்கள். பற்றுச்சீட்டில் “டர்போ வேலை 235,000” என்று மட்டும் இருக்கிறது. தொடர் இலக்கமும் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

விளக்கமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஸ்கேனர் திரையில் வரும் பழுது இலக்கத்தை நீங்களே படம் எடுங்கள், காட்ட மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் என்றால் காயிலை இடம் மாற்றிப் பார்க்காமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள், பிளக்கையும் பாருங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அழுத்தி ஓட்டாதீர்கள், எரியாத பெற்றோல் போய்ப் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டரைத் தின்றுவிடும். கழற்றிய பாகம் உங்கள் கைக்கு வந்த பிறகே காசு.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிவிட்டேன். தொலைபேசி இலக்கம் 1977, தேவைப்படுபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைப் பிரதி எடுத்து இணைக்க வேண்டும், கடை பூட்டுவதற்குள் போகிறேன். இதே பலகை வைத்த இடத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்த்தே கொடுப்போம்.