பழைய புல்லட்டுக்கு எந்த போல்ட்: இன்ச் த்ரெட்டா, எம்எம்மா, ஹெலிகாயிலா?

என்னிடம் இருப்பது எண்பதுகளில் வந்த புல்லட் 350. போன மழைக்காலத்தில் இன்ஜின் கேஸில் ஒரு இடத்தில் ஆயில் கசிந்தது. அங்கிருந்த போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கலாம் என்று ஸ்பானரைப் போட்டால், அது இறுகவே இல்லை, சும்மா சுற்றியது. வெளியே இழுத்தபோது மரை முழுக்க வெள்ளையாக அலுமினியத் துருவல். பக்கத்தில் இருந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் சங்கதி புரிந்தது. நல்லது 6.3 மிமீ தடிமன், கெட்டது 5.9. எனக்கு முன்னால் யாரோ கால் அங்குல (6.35 மிமீ) போல்ட்டுக்கான ஓட்டையில் எம்6, அதாவது 6 மிமீ போல்ட்டை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் திருவொற்றியூரில் இந்த வண்டி தயாராக ஆரம்பித்தபோது வரைபடம் எல்லாம் ராயல் என்ஃபீல்டின் தாய்வீடான இங்கிலாந்தின் ரெடிட்ச்சில் இருந்து வந்தவை. அதனால் பழைய வண்டிகளில் பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் பொடி மரை), விட்வொர்த் (அதைவிடப் பெரிய மரை), சைக்கிள் த்ரெட் என்று இன்ச் மரைகள்தான். எம்எம், அதாவது மெட்ரிக், பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தது. கூடவே இத்தனை வருஷத்தில் எத்தனை கை பட்டிருக்கிறதோ, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் முன்னால் இருப்பது மூன்று வழி. இருக்கிற மரையைக் கண்டுபிடித்து அதே இன்ச் போல்ட்டை வாங்குவது, கிட்டத்தட்ட பொருந்துகிற எம்எம் போல்ட்டை ஏற்றுவது, இல்லை துளைத்து ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையை உள்ளே போடுவது.

எம்எம் போல்ட் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும், விலையும் ஒன்றுமில்லை. அதன் நன்மை அவ்வளவுதான். கால் அங்குல பிஎஸ்எஃப்பில் அங்குலத்துக்கு 26 மரை, அதாவது ஒரு மரைக்கு 0.977 மிமீ. எம்6-இல் ஒரு மரைக்கு சரியாக 1 மிமீ. ஐந்தாறு மரை உள்ளே போன பிறகும் வித்தியாசம் 0.1 மிமீ சுற்றித்தான், கைக்கு எதுவும் தட்டுப்படாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் தடிமனில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் குறைச்சல், மரையின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் பிடிப்பே இல்லை. எஃகு நட்டு என்றால் எப்படியோ தாக்குப்பிடிக்கும், அலுமினியம் தாங்காது. 5/16 அங்குலத்தில் இந்த ஏமாற்று கிடையாது. அங்கே எம்8 இரண்டு மூன்று சுற்றிலேயே முரண்டு பிடிக்கும், அதற்கு மேல் பலம் போட்டு ஏற்றினால் தப்பு நம்முடையது.

சரி, மரையைக் கண்டுபிடிப்பது எப்படி? நான் இதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன், நீங்களும் நேரத்தை இதில் செலவழியுங்கள் என்பேன். தேய்ந்த போல்ட்டை அளக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் நல்ல போல்ட்டை அளங்கள். முதலில் வெர்னியரில் தடிமன், அப்புறம் மரையில் பதித்துப் பார்க்கிற பல் தகடு, அதுதான் த்ரெட் கேஜ். கேஜ் இல்லை என்றால் அரை அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணலாம். கால் அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கு 10, பிஎஸ்எஃப்புக்கு 13, யுஎன்எஃப் என்கிற அமெரிக்க வகைப் பொடி மரைக்கு 14. இந்தப் பதின்மூன்றும் பதினான்கும்தான் ஆளைக் கவிழ்க்கும், அதனால் என்ன மரை என்று தெரிந்த போல்ட் ஒன்றை மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் அது வேறு ஜாதி. கால் அங்குல சைக்கிள் த்ரெட்டுக்கும் அதே 26தான், ஆனால் மரையின் கோணம் 60 டிகிரி, பிஎஸ்எஃப்புக்கு 55. இதைக் கண்ணால் பிரிப்பது லேசில்லை, 55 டிகிரி கேஜ் ஒன்று 60 டிகிரி கேஜ் ஒன்று என்று இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துத்தான் நான் முடிவுக்கு வந்தேன்.

ஸ்பானரும் ஒரு துப்பு. கால் அங்குல பிஎஸ்எஃப் தலை 11.3 மிமீ, அதில் பதினொன்று ஏறாது, பன்னிரண்டு ஆடும். ஆனால் தலையை மட்டும் நம்பக் கூடாது. இங்கிலாந்தில் பழைய மோரிஸ், எம்ஜி கார் இன்ஜின்கள் சிலவற்றில் மரை மெட்ரிக், தலை விட்வொர்த். அந்த இன்ஜின் தொழிற்சாலை முதலில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியுடையதாம், மெஷின்கள் எல்லாம் மெட்ரிக்!

சென்னை புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் போல்ட்டை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு நூல், பொடி மரை. எம்எம் போட்டீங்கன்னா கேஸைத் தின்னுடும் தம்பி” என்றார். நூல் என்றால் அரைக்கால் அங்குலம், ரெண்டு நூல் கால் அங்குலம். அவர் கொடுத்ததில் ஒரு டஜன் கூடுதலாகவே வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் அதே இன்ச் போல்ட்தான் என்ற என் முடிவுக்குக் காரணமே அடுத்த முறை கழற்றப்போகிறவர்தான். கேஸ் முழுக்க ஒரே மரை என்றால் போல்ட்கள் இடம் மாறினாலும் கேடில்லை. கலந்து கிடந்தால், எந்த ஓட்டைக்கு எது என்பதை ஒருவர் மறந்தால் போதும், இன்னொரு ஓட்டை காலி. போல்ட் போனால் இன்னொன்று வாங்கலாம், கேஸுக்கு எங்கே போவது?

ஹெலிகாயிலைக் கெட்டுப்போன ஓட்டைக்கான வைத்தியமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எம்6 ஹெலிகாயிலுக்கு 6.3 மிமீ துளை வேண்டும், அது கால் அங்குலப் பழைய மரையைக் கிட்டத்தட்ட முழுசாகவே வழித்துவிடுகிறது, அதனால் உட்காரும் இடம் சுத்தமாக வருகிறது. நேராகத் துளைப்பதில்தான் வித்தை, நான் லேத் பட்டறை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். நான் போட்டுப் பார்த்தது இந்த ஒரே இடத்தில், அதுவும் ஆறேழு மாதம்தான் ஆகிறது. சிலிண்டர் ஹெட் மாதிரி சூடும் அழுத்தமும் உள்ள இடத்துக்கு என் அனுபவம் போதாது.

கால் அங்குல பிஎஸ்எஃப்பிலேயே ஹெலிகாயில் கேட்டேன், எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மற்ற போல்ட் எல்லாம் இன்ச், அது மட்டும் எம்எம். பத்தாம் நம்பர் ஸ்பானர் ஏறுவது அதற்கு மட்டும்தான், இருந்தாலும் தலையில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.