லிஃப்ட், எலிவேட்: எது எங்கிருந்து வந்தது?

இரண்டுக்கும் அகராதி சொல்லும் பொருள் உயர்த்துதல்தான். ஆனால் பிறந்த வீடு வேறு. லிஃப்ட், ஸ்காண்டிநேவியாவில் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியின் ‘லிப்டா’விலிருந்து வந்தது. அதற்கு வேர் ‘லோப்ட்’, அதாவது காற்று, வானம், மேல்மாடி. நாம் பரணுக்குச் சொல்லும் லாஃப்ட்டும் இதே குடும்பம். எலிவேட் லத்தீன் வழி. அதன் அடியிலுள்ள ‘லெவிஸ்’ என்றால் கனமில்லாதது. ஒன்று காற்றுக்குத் தூக்குகிறது, மற்றொன்று பாரத்தைக் குறைத்து எழுப்புகிறது. நெம்புகோலான லீவர் இரண்டாவதன் சொந்தம்.

கொங்குப் பக்கம் லிஃப்ட் நன்றாக உழைக்கிற சொல். திருப்பூரில் ஷிஃப்ட் முடித்து ரோட்டோரம் நிற்பவர், "ஏனுங்ணா, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் லிஃப்ட் குடுக்கறீங்களா?" என்று பைக்கை நிறுத்துவார். காளிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து பவானி உபரிநீரை 6 நீரேற்று நிலையங்களால் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தையும் பொறியாளர்கள் லிஃப்ட் வகையில்தான் சேர்ப்பார்கள்.

எலிவேட் என்ற வினையை இங்கே யாரும் புழங்குவதில்லை. வீடு கட்டுகிறவர்களிடம் மட்டும் எலிவேஷனாக ஒட்டிக்கொண்டது. "எலிவேஷன் அருமைங்க" என்றால் உயரம் இல்லை, முகப்பு! நேர்முகமாகப் பார்த்து வரையும் படத்தின் பெயர் அப்படியே சுவருக்கு வந்துவிட்டது. கோவை அவிநாசி சாலையில் 2025-ல் திறந்த 10.1 கி.மீ. மேம்பாலம் காகிதத்தில் எலிவேட்டட் காரிடார். அதில் தினமும் போகிறவர்களுக்கு வெறும் பாலம். எனக்கு லிஃப்ட்தான் பிடிக்கிறது, வாய்க்கு அவ்வளவு லேசு.