ரத்தத்திலிருந்து எக்ஸோசோம் பிரித்தல்: பல வருஷம் செய்து பார்த்ததில் தெரிந்தவை

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே விடும் மிக நுண்ணிய சவ்வுப் பை, வெசிகிள் என்று நான் சொல்வதும் இதைத்தான். செல் வளர்ப்பு மீடியத்தில், அதாவது ஆய்வகத்தில் செல்கள் வளரும் திரவத்தில், எக்ஸோசோம் எடுத்துப் பழகியவர்கள் ரத்தத்தில் கை வைக்கும்போதுதான் சிக்கலே ஆரம்பிக்கும். அதே சென்ட்ரிஃபியூஜ், அதே பஃபர்தான். ஆனால் கடைசியில் டியூபில் நிற்கும் சரக்கு வேறு. ஒரு மி.லி. பிளாஸ்மாவில் (செல்கள் நீக்கிய ரத்த நீரில்) 35 முதல் 50 மில்லிகிராம் வரை ஆல்புமின் என்ற புரதம் மட்டுமே இருக்கிறது. அது போக எச்.டி.எல்., எல்.டி.எல்., வி.எல்.டி.எல்., கைலோமைக்ரான் என்று கொழுப்புத் துகள்கள் (லிப்போபுரோட்டீன்கள்). எண்ணிக்கையில் இவை வெசிகிள்களை விடப் பல ஆயிரம் மடங்குக்கும் மேல். நாம் தேடுவது 30 முதல் 150 நானோமீட்டர் வரையுள்ள பொருள். வி.எல்.டி.எல். 30 முதல் 80 நானோமீட்டர், ஆக அளவை வைத்துப் பிரித்தால் அது கூடவே வரும். அடர்த்தியை வைத்துப் பிரிக்கலாம் என்றால் வெசிகிளுக்கு ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 1.10 முதல் 1.19 கிராம், எச்.டி.எல்.லுக்கு 1.063 முதல் 1.21, அங்கே எச்.டி.எல். ஒட்டிக்கொள்ளும். எந்தெந்தக் கலப்படம் இருந்தால் நம் கேள்விக்குப் பாதகமில்லை என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் எல்லா முறையையும் மாறி மாறிப் பயன்படுத்திய பிறகு நான் வந்து நிற்கும் இடம் இதுதான்.

முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ரத்தம் எடுப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது. சீரம் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் நீர்) வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ரத்தம் உறையும்போது பிளேட்லெட்டுகள் தாங்களே வெசிகிள்களைக் கொட்டும். அப்புறம் நோயாளி உடம்பில் இருந்தது எது, டியூபுக்குள் உண்டானது எது என்று பிரிக்கவே முடியாது. பிளாஸ்மாதான் எடுக்க வேண்டும். ஹெப்பாரின் டியூப் பி.சி.ஆரைத் தடுக்கும் என்பதால் ஆர்.என்.ஏ. வேலைக்கு ஆகாது. நாங்கள் நீல மூடி சிட்ரேட் டியூபில் எடுக்கிறோம். ஊதா மூடி இ.டி.டி.ஏ. டியூபும் பரவாயில்லை, ஒரே ஆய்வுக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்கத் தோன்றும். கூடாது. குளிர் பட்டால் பிளேட்லெட் உசுப்பேறிவிடும். அறை வெப்பநிலையில், குலுக்காமல், நிமிர்த்தி வைத்து எடுத்து வந்து, சீக்கிரமே சுழற்ற வேண்டும். 2,500 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 2,500 மடங்கு விசையில்) 15 நிமிஷம், மேலே உள்ள பிளாஸ்மாவை மாற்றி மறுபடியும் அதே போல் ஒரு முறை, பிரேக் போடாமல். செல் அடுக்குக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிட வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதில் மனசே வராது, "இவ்வளவையும் வீணாக்கணுமா மேடம்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரில் இருக்கும் பிளேட்லெட், ஃபிரீசருக்குப் போய்த் திரும்பும்போது உடைந்து துண்டு துண்டாகிவிடும். அந்தத் துண்டுகள் பார்வைக்கும் அளவுக்கும் வெசிகிள் போலவே இருக்கும். உறைய வைத்த பிறகு அதைச் சரிசெய்ய வழி கிடையாது.

காலை வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் மட்டும்தான் வாங்குகிறோம். வடையும் பொங்கலும் சாப்பிட்டு வந்தவரின் பிளாஸ்மாவை வெளிச்சத்தில் பிடித்தால் பால் கலந்தது போல் மங்கலாக இருக்கும், அவ்வளவும் கைலோமைக்ரான். சிவப்பணு உடைந்திருக்கிறதா என்று 414 நானோமீட்டரில் ஒரு அளவீடும் எடுத்து, எண்ணை நோட்டில் எழுதி வைக்கிறோம்.

இனி முறைகள். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் தான் எல்லோரும் முதலில் கற்பது. 300, 2,000, 10,000, கடைசியில் 1,00,000 ஜி என்று படிப்படியாக ஏற்றும் வழி 2006-இல் வெளியான செய்முறைக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. மீடியத்துக்கு இன்றும் நல்ல முறைதான். பிளாஸ்மா கெட்டியானது, அதனால் பி.பி.எஸ். (உப்புக் கரைசல் பஃபர்) ஊற்றி நீர்க்கச் செய்தால்தான் துகள்கள் கீழே இறங்கும். டியூபைச் சாய்வாகப் பிடிக்கும் ஆங்கிள் ரோட்டாரில் வைக்கும்போது டியூபின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு மேலே இருக்கும்படி வையுங்கள். பெல்லட், அதாவது சுழற்றியதும் படியும் வண்டல், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. அந்தக் கோட்டுக்கு நேரே, அடியை ஒட்டி, மெல்லிய பழுப்புப் படலம் போல இருக்கும். எங்கே பைப்பெட்டை வைப்பது என்று கோடுதான் சொல்லும். இந்த முறையில் ஆல்புமினும் கொஞ்சம் எச்.டி.எல்.லும் கூடவே வரும். அவ்வளவு வேகத்தில் வெசிகிள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதும் உண்டு. ஒரு ஓட்டத்தில் ஏற்றக்கூடிய டியூப்களும் கொஞ்சம்தான். நிறைய நோயாளிகளின் மாதிரிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வீழ்படிவு கிட்கள் பாலிமரைச் சேர்த்து, குளிரில் வைத்து, சாதாரண சென்ட்ரிஃபியூஜிலேயே முடித்துவிடலாம் என்பதால் பிரபலம். பெல்லட் பெரிதாக, வெள்ளையாக இருக்கும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். அதில் பெரும்பகுதி ஆன்டிபாடி, ஆல்புமின், லிப்போபுரோட்டீன். மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டும் பார்க்கிறோம், அதனால் பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. பிளாஸ்மாவில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் பெரும்பங்கு ஆர்கோநாட்-2 புரதத்தோடு சேர்ந்து வெசிகிளுக்கு வெளியே சுற்றுகிறது என்று 2011-இலேயே காட்டிவிட்டார்கள், எச்.டி.எல்.லும் அதைச் சுமக்கிறது. கிட்டில் விழுந்த ஆர்.என்.ஏ.வை எக்ஸோசோம் ஆர்.என்.ஏ. என்று எழுதுவது சரியல்ல. புரதங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்பினால் மிச்சமிருக்கும் பாலிமரும் தொல்லை.

இப்போது எங்கள் அன்றாட வேலை சைஸ் எக்ஸ்க்ளூஷன், சுருக்கமாக எஸ்.இ.சி. ஜெல் மணிகள் நிரப்பிய குழாயில் பிளாஸ்மாவை விட்டால், மணிகளின் துளைக்குள் நுழைய முடியாத பெரிய துகள்கள் முதலில் வெளியேறும். புரதங்கள் துளைகளுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் குழு இதை எளிமையாகச் செய்து காட்டியது. 10 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சின் நுனியில் நைலான் ஸ்டாக்கிங் துணியை அடைத்து, மேலே செஃபரோஸ் சி.எல்-2பி ஜெல்லை நிரப்பினார்கள். 1.5 மி.லி. மாதிரி, அரை அரை மி.லி. பங்குகளாக (ஃபிராக்ஷன்களாக) சேகரிப்பு. வெசிகிள்கள் 9 முதல் 12 வரையுள்ள ஃபிராக்ஷன்களில் கிடைத்தன. பணம் இறுக்கமான ஆய்வகத்துக்கு இன்றும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காசு இருந்தால் கியூஇவி போன்ற ரெடிமேட் குழாய்கள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கையால் நிரப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஜெல்லில் காற்றுக் குமிழி. பஃபரையும் ஜெல்லையும் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஊற்றாமல், அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, பஃபரில் கரைந்த காற்றை வாக்குவத்தில் வெளியேற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஜெல்லின் மேற்பரப்பு காய்ந்து விரிசல் விட்டால் அந்தக் குழாய் அவ்வளவுதான். முதல் ஃபிராக்ஷன்கள் தண்ணீர் மாதிரித் தெளிவாக வரும். கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஏறத் தொடங்கினால் புரதம் வந்துவிட்டது என்று அர்த்தம். வெசிகிள் ஃபிராக்ஷனையும் மஞ்சள் ஃபிராக்ஷனையும் எவ்வளவு தெளிவாகப் பிரித்து நிறுத்துகிறீர்களோ, வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடி வைத்துப் புரதங்களைக் காட்டும் சோதனையில்) அவ்வளவு சுத்தம் தெரியும்.

எஸ்.இ.சி. ஆல்புமினையும் எச்.டி.எல்.லையும் நன்றாகவே கழிக்கும். பெரிய கொழுப்புத் துகள்களை வெசிகிளோடே விட்டுவிடும். அந்தத் துகள்களின் புரதமான அப்போ பி அளவு பார்த்தாலே அது தெரியும். புரோட்டியோமிக்ஸ் (மொத்தப் புரதங்களின் ஆய்வு) செய்யும்போது ஐயோடிக்ஸனால் கரைசலில் அமைத்த அடர்த்திப் படிவில் ஓட்டிவிட்டு அதன் பிறகு எஸ்.இ.சி. போடுகிறோம். கையில் கிடைப்பது குறையும், நாளும் கூடும். ஆனால் அந்தத் தரவை நம்பி எழுத முடிகிறது.

வெசிகிளின் மேற்பரப்புப் புரதங்களான சி.டி.9, சி.டி.63, சி.டி.81 ஆகியவற்றின் ஆன்டிபாடி பூசிய காந்த மணிகளைக் குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் எடுப்பேன். எந்த மார்க்கரை (அடையாளப் புரதத்தை) நம்பிப் பிடிக்கிறோம் என்பதில் இங்கே எச்சரிக்கை வேண்டும். எல்1கேம் என்ற புரதத்தை வைத்துப் பிடித்தால் மூளை நியூரானின் வெசிகிள் ரத்தத்திலேயே கிடைத்துவிடும் என்று பல வருஷம் நம்பி வேலை நடந்தது. அந்தப் புரதம் பிளாஸ்மாவிலும் மூளைத் தண்டுவட நீரிலும் வெசிகிளோடு சேர்ந்தே இல்லை, தனியாகக் கரைந்து இருக்கிறது என்று 2021-இல் ஒரு குழு காட்டியது.

துகள்களின் அசைவைப் பார்த்து எண்ணும் என்.டி.ஏ. கருவி காட்டும் துகள் எண்ணிக்கையை மட்டும் வைத்து முறைகளை ஒப்பிடாதீர்கள். அதற்கு வி.எல்.டி.எல்.லும் ஒரு புள்ளிதான், வெசிகிளும் ஒரு புள்ளிதான். ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 3,000 கோடி துகள் இருந்தால் சுத்தம் என்று 2013-இல் சொன்ன அளவுகோல் மீடியத்துக்குப் பொருந்தும். பிளாஸ்மாவில் கொழுப்புத் துகளே அந்த எண்ணை ஏற்றிக் காட்டும். வெசிகிள் ஆய்வுகளுக்கான எம்.ஐ.எஸ்.இ.வி. வழிகாட்டுதல் கேட்பது போல் வெசிகிளின் மார்க்கர்களோடு ஆல்புமின், அப்போ ஏ1 (எச்.டி.எல். புரதம்), அப்போ பி மூன்றையும் ஒரே பிளாட்டில் காட்டுவது எங்கள் வழக்கம். ட்ரைட்டான் என்ற டிடர்ஜென்ட் சேர்த்து வெசிகிளை உடைத்துப் பார்க்கும் கன்ட்ரோலையும் விடுவதில்லை.

பிரித்த பிறகு வெறும் பி.பி.எஸ்.ஸில் வைத்தால் வெசிகிள்கள் டியூபின் சுவரில் ஒட்டியே பாதி போய்விடும். புரதம் ஒட்டாத டியூபில், சிறு சிறு பங்காகப் பிரித்து, மைனஸ் 80-இல் வைக்க வேண்டும். மனித ஆல்புமினும் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையும் கலந்த பி.பி.எஸ். நல்ல பலன் தருகிறது என்று 2022-இல் வந்த ஆய்வைப் பார்த்து நாங்களும் அதற்கு மாறினோம், புரோட்டியோமிக்ஸ் பங்குகளை மட்டும் ஆல்புமின் சேர்க்காமல் தனி ரேக்கில் வைக்கிறோம்.