செம்பூர் வீட்டில் ஈரம் காய்ந்த கதை: மீட்டரும் டிஹியூமிடிஃபையரும், இரண்டு மழைக்காலம் கழித்து

அலமாரியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்த அத்தை, அதை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையில் கொடுத்தார். மடிப்பு ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பொட்டுகள். என் கல்யாணப் புடவை. அலமாரியின் பின்பலகையை விரலால் அழுத்தினேன். நமத்துப்போன அப்பளம் மாதிரி உள்ளே போனது. அது 2024 ஜனவரி. மும்பையில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும் மாதம்.

அதற்கு முந்தைய ஜூலையில் மாடி வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் ஓடும் குழாயில் எல்போ, அதாவது குழாய் வளையும் இடத்து இணைப்பு, விட்டுப்போய், எங்கள் படுக்கையறைக்குள் தண்ணீர் இறங்கியது. துடைத்தோம், ஃபேன் போட்டோம். பத்து நாளில் சுவர் தொட்டால் காய்ந்திருந்தது. தீபாவளிக்குப் புட்டி வைத்து பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தோம். அதுதான் பெரிய தப்பு. அந்தப் பெயின்ட் சுவரின் முகத்தை மூடிவிட்டது. ஊறிய தண்ணீர் போக வழியில்லாமல் அலமாரிக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது.

பார்க்க வந்த கொத்தனார் திருநெல்வேலிக்காரர். "அக்கா, தொட்டுப் பாக்காதீங்க, தட்டிப் பாருங்க" என்றார். நல்ல சுவரில் கெட்டியாகக் கேட்ட சத்தம், அலமாரி இருந்த இடத்தில் பானையைத் தட்டினாற்போல் பொள்ளென்று கேட்டது. பூச்சு செங்கல்லை விட்டே பிரிந்திருந்தது.

அன்றைக்கே இரண்டு ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கினேன். இந்த இரண்டு வருஷத்தில் செலவழித்த பணத்திலேயே உருப்படியானது அதுதான். ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. அளவுகோல் மரத்துக்காகப் போட்டது, அதனால் சுவரில் வரும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஹால் சுவரில் 9 காட்டியது, அலமாரிச் சுவரில் 34. அந்த வித்தியாசம்தான் பேச்சு. பென்சிலால் கட்டம் போட்டு அளந்துகொண்டே போனதில், ஈரம் மேல்மூலையில்தான் அதிகம். பிளம்பரைக் கூப்பிட்டு மாடியில் பிரித்துப் பார்த்தால், சரிசெய்தாயிற்று என்று நாங்கள் நம்பியிருந்த இணைப்பில் சொட்டு நிற்கவே இல்லை. கசிவு நிற்காமல் எந்த மெஷின் வாங்கினாலும் வீண்.

அப்புறம் பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்தோம். பிப்ரவரி முடியும் வரை ஜன்னலைத் திறந்து ஃபேன் மட்டும்தான். எண் 34-இலிருந்து 19-க்கு இறங்கி, ஓர் இடத்தில் மட்டும் நகரவே இல்லை. பார்த்தால் அங்கே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உப்பும் மின்சாரத்தைக் கடத்தும், மீட்டர் ஏமாந்துபோகும். தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்ததும் எண் இறங்கியது. பின்பலகை தேறாது என்று தூக்கிப் போட்டோம். பிளைவுட்டுக்குள் இறங்கிய பூஞ்சையை மேலே துடைத்துப் பயனில்லை.

சுவர் முழுசாகக் காய்வதற்குள் ஜூன் வந்துவிட்டது. மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தால் வெளியே இருக்கும் ஈரம்தான் உள்ளே வரும். ஏசியை டிரை மோடில் வைத்துப் பார்த்தோம். ஓரளவு கேட்டது, ஆனால் அறை குளிர்ந்து அத்தைக்கு மூட்டுவலி வந்துவிட்டது. அதனால்தான் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் டிஹியூமிடிஃபையர் வாங்கினோம். பெட்டியில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று போட்டிருக்கும். அது 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறைக்கான கணக்கு. அறை காயக் காய அந்த அளவு வராது. எனக்கு முதல் வாரம் காலையும் மாலையும் 3 லிட்டர் தொட்டி நிரம்பியது, ஆகஸ்டில் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான். தொட்டி நிரம்பினால் மெஷின் தானே நின்றுவிடும். ஒரு நாள் ராத்திரி முழுக்க நின்றே கிடந்ததால் குழாய் மாட்டிக் குளியலறை வடிகாலில் விட்டேன்.

குறைகளும் உண்டு. பழைய ஃபிரிட்ஜ் மாதிரி உறுமும். அறையைக் கொஞ்சம் சூடாக்கும். பத்து மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழுவாவிட்டால் இழுப்பது குறைகிறது. கதவையும் ஜன்னலையும் மூடித்தான் ஓட்ட வேண்டும், அதை வீட்டில் எல்லாருக்கும் பழக்க ஒரு மாதம் ஆயிற்று. கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் மூடிய அலமாரிக்குச் சரி, சுவருக்கு உதவாது.

இரண்டாவது மழைக்காலமும் போய்விட்டது. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பிடிமானம் இல்லை. புது அலமாரி சுவரைவிட்டு நான்கு அங்குலம் தள்ளி நிற்கிறது. போன வாரம் அந்த மூலையில் 11 காட்டியது. புதுப் பூச்சுக்கு மேல் இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ஹால் சுவரின் எண்ணுக்கு அது இறங்கட்டும், அப்புறம் சுண்ணாம்புதான் அடிக்கப்போகிறோம்.