பெயருக்கு ஆங்கி, கணக்குக்கு நோட்டு: ஃபார்மசி கவுண்டரிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஆங்கி என்ற கேள்வி-விடை அட்டைச் செயலியில் மருந்துப் பெயர்களைப் படிக்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஓடிவிட்டன. பகலில் மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஃபார்மசி கவுண்டர், இரவில் போனும் நோட்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் "அக்கா, இத்தனை மருந்துப் பேரையும் எப்படி மனப்பாடம் பண்ணீங்க?" என்று கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்களுக்கு இதைவிட உருப்படியான ஒன்றை நான் பார்க்கவில்லை. மருந்தளவுக் கணக்குக்கு இது உதவாது. யாரோ செய்து வைத்த அட்டைகளை இறக்கி அப்படியே படித்தால் இரண்டுக்குமே உதவாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆங்கி 2006 முதல் இருக்கிறது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. விடையைப் பார்த்த பிறகு மறந்துவிட்டது, கஷ்டம், சரி, சுலபம் என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அதை வைத்து அந்த அட்டையை நாளைக்குக் கேட்பதா, அடுத்த மாதம் கேட்பதா என்று செயலி கணக்குப் போடும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் அமெரிக்க விலை 24.99 டாலர், ஒரே முறை கட்டினால் போதும். பார்க்க அழகாக இருக்காது. முதல் வாரம் அமைப்புகளைப் பார்த்தே பலர் ஓடிவிடுவார்கள். அதில் முக்கால்வாசியைத் தொடவே தேவையில்லை.

இணையத்தில் தேடினால் 'முதல் 200 மருந்துகள்' என்று தயாரான அட்டைக்கட்டுகள் நிறையக் கிடைக்கும். பெரும்பாலானவை அமெரிக்காவில் ஃபார்மசி டெக்னீஷியன் சான்றிதழ்த் தேர்வு எழுதுபவர்களுக்காகச் செய்தவை. அவர்களுக்குச் சரி, நமக்குக் குழப்பம். நாம் பாரசிட்டமால் என்று சொல்வதை அது அசிட்டமினோஃபென் என்று கேட்கும். சல்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். கிளைபென்கிளமைட் அங்கே கிளைபியூரைட். நம் ஊரில் சர்க்கரைக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் கிளிக்லசைட் அந்தக் கட்டுகளில் இருக்காது, ஏனென்றால் அமெரிக்காவில் அது விற்பனைக்கே வரவில்லை. மெஃபனமிக் ஆசிட்டை இங்கே வயசுப் பெண்ணிலிருந்து பாட்டி வரை பொன்ஸ்தான் என்றுதான் கேட்பார்கள். அங்கே அதன் பெயர் பொன்ஸ்டெல். சீட்டில் எழுதும் சுருக்கங்களும் வேறு. நாம் பி.டி. (இரண்டு வேளை), டி.டி.எஸ். (மூன்று வேளை), ஓ.என். என்று எழுதும் இடத்தில் அவர்கள் பி.ஐ.டி., டி.ஐ.டி., கியூ.ஹெச்.எஸ். என்று எழுதுவார்கள். ஓ.என். என்றால் இரவில் ஒரு தடவை என்பது இங்கே கவுண்டரில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். அமெரிக்க அட்டையில் அதைத் தேடினால் கிடைக்காது.

உலக சுகாதார நிறுவனம் மருந்துகளுக்கு ஒரே பொதுப்பெயர் வைக்கும் வேலையை 1950இல் தொடங்கியது. மலேசியாவில் நாம் படிப்பது பெரும்பாலும் அந்தப் பெயர்கள்தான். அதனால் அட்டையின் ஒரு பக்கம் கட்டாயம் பொதுப்பெயர். பிராண்டுப் பெயரை உங்கள் கடை அலமாரியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கொவர்சில் என்றால் பெரிண்டோபிரில், டயமிக்ரோன் என்றால் கிளிக்லசைட், கிளூக்கோஃபாஜ் என்றால் மெட்ஃபோர்மின், கொன்கோர் என்றால் பிசோப்ரோலோல். இவை நம் ஊரில் தினமும் கைக்கு வருபவை.

பெயர்களின் வாலைப் பிடித்துப் படிப்பது எல்லா வகுப்பிலும் சொல்லித்தருவதுதான். பிரில் என்று முடிந்தால் ஒரு கூட்டம், சார்ட்டன் ஒரு கூட்டம், டிபைன் ஒரு கூட்டம், ஸ்டாட்டின் கொழுப்புக்கு, ஓலோல் இதயத் துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர். நன்றாக வேலை செய்யும். ஆனால் அரைகுறையாகப் பிடித்தால் ஆபத்து. 'அசோல்' என்று முடிவதையெல்லாம் ஒன்றாகக் கட்டினால் என்ன ஆகும் பாருங்கள். ஒமிப்ரசோல் வயிற்றுப் புளிப்புக்கு, ஃபுளூக்கனசோல் பூஞ்சைக்கு, மெட்ரோனிடசோல் கிருமிக்கு, அல்பெண்டசோல் குடல் புழுவுக்கு, கார்பிமசோல் தைராய்டுக்கு. சரி, வாலை இன்னும் கொஞ்சம் நீட்டி 'ப்ரசோல்' என்று பிடிக்கலாம் என்றால் அரிபிப்ரசோல் வந்து நிற்கும். அது மனநோய்க்கான மருந்து. அதனால் என் கட்டில் ஒவ்வொரு வாலுக்கும் ஓர் அட்டை, அந்த வாலில் ஏமாற்றும் பெயருக்குத் தனியாக ஓர் அட்டை. இரண்டாவது வகைதான் அதிகம் பயன்பட்டது.

பெயரைக் காட்டி 'எதற்கு?' என்று கேட்கும் அட்டை தேர்வுக்கு நல்லது. கவுண்டரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் (மருத்துவ உதவியாளர்) கொடுத்ததை வாங்கிக் குடித்துப் பழகிய தலைமுறை நம் பெரியவர்கள். மருந்துக்குப் பெயர் கேட்கும் வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. "தங்கச்சி, இனிப்பு நீருக்குப் பெரிசா வெள்ளையா ஒன்னு, அது முடிஞ்சி போச்சி" என்றுதான் வருவார்கள். நிறத்தை வைத்து மருந்து கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. வெள்ளையாக வட்டமாக இருப்பவை நூறு இருக்கும். ஆனால் பெயர்கள் உள்ளே தயாராக இருந்தால்தான் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும்: "பாட்டி, சாப்பாட்டோட சேர்த்து காலைல ராத்திரி ரெண்டு வேளை போடச் சொன்னாங்களா? பழைய மாத்திரை அட்டை, கிளினிக் புத்தகம் எதாவது கொண்டு வந்திருக்கீங்களா?" அதற்காக அட்டைகளைத் திருப்பிப்போட்டேன். முன்பக்கத்தில் நோய், வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. பின்பக்கத்தில் வரக்கூடிய இரண்டு மூன்று பெயர்கள், அவற்றைப் பிரித்துக் காட்ட என்ன கேட்க வேண்டும் என்பது. இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் இரவில் படித்தது பகலில் கைகொடுத்தது.

ஒலியில் நெருங்கிய பெயர்களுக்கு இன்னொரு வகை. ஹைட்ரலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு. குளோர்ப்ரோமசின் மனநோய்க்கு, குளோர்ப்ரோபமைட் சர்க்கரைக்கு. இவற்றைத் தனித்தனி அட்டையாக வைத்தால் மனம் ஏமாற்றும். தனியாகப் பார்க்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். ஒரே அட்டையில் இரண்டையும் எழுதி 'எது எதற்கு?' என்று கேட்க வேண்டும்.

மருந்துப் பெட்டியில் இருக்கும் 'மால்' என்ற மலேசியப் பதிவு எண்ணுக்கும் சில அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களுக்குப் பின் வரும் முதல் எழுத்து ஏ (A) என்றால் அட்டவணை நஞ்சு, அதாவது நஞ்சுச் சட்டப் பட்டியலில் உள்ள மருந்து, எக்ஸ் (X) என்றால் அப்படி இல்லாத மருந்து, டி (T) என்றால் பாரம்பரிய வகை. 1952ஆம் ஆண்டின் நஞ்சுச் சட்டத்தில் பி குழு மருந்துக்கு டாக்டர் சீட்டு வேண்டும், சி குழுவை மருந்தாளர் பதிவு செய்து கொடுக்கலாம். எத்தனை அட்டை படித்திருந்தாலும் உதவியாளர் தானாக எடுத்து நீட்டும் வேலை இல்லை இது. எடுத்து வைப்பது நம் வேலை, சரிபார்த்துக் கொடுப்பது மருந்தாளர் வேலை.

செயலியில் குறை இல்லாமல் இல்லை. தைப்பூசம், தீபாவளி என்று சில நாள் விட்டால் பாக்கி அட்டைகள் ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரர்) வாங்கிய கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும். திறந்ததும் முந்நூறு, நானூறு என்று காட்டினால் மூடிவிடத்தான் தோன்றும். ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று செயலியே வைத்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அதை முதல் நாளே ஐந்தாக்கிவிடுங்கள். 2023 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதுக் கணிப்பு முறை உள்ளேயே இருக்கிறது. அதற்கு மாறிய பிறகு தினசரி பாரம் எனக்குக் குறைந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விடை மறந்துபோனால் 'மறந்துவிட்டது' என்றுதான் அழுத்த வேண்டும். மனசு கேட்காமல் 'கஷ்டம்' என்று அழுத்தினால் அதை நீங்கள் நினைவில் வைத்திருந்ததாக எடுத்துக்கொண்டு அட்டையைத் தூரத்தில் போய் வைத்துவிடும்.

இனி கணக்கு. ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வந்தால் இரண்டாம் வாரமே விடை மனப்பாடமாகிவிடும். கணக்குப் போடத் தெரிந்ததாக ஒரு பிரமை வரும், அவ்வளவுதான். பணம் கட்டி ஒரு இணைய வகுப்பும் பார்த்தேன். கிரெய்ன் என்ற பழைய எடை அளவை மில்லிகிராமாக்குவது, பவுண்டைக் கிலோவாக்குவது என்று பாதி வகுப்பு போனது. நம் ஊரில் குழந்தையைக் கிலோவில்தான் நிறுக்கிறோம், மருந்து மில்லிகிராமில்தான் வருகிறது. அந்தப் பணத்துக்கு நல்ல நோட்டுகள் வாங்கியிருக்கலாம்.

நோட்டில் தினமும் ஐந்து கணக்கு, எண்களை மாற்றி மாற்றி. உதாரணத்துக்கு, 12 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல், டாக்டர் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாரசிட்டமால் என்று எழுதியிருக்கிறார். 180 மி.கி. வேண்டும். சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றால் 7.5 மி.லி. அதே மருந்து 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள பாட்டிலாகவும் இருக்கிறது. அதில் 3.6 மி.லி. போதும். இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் நிற்கும். பாட்டில் மாறி 7.5 மி.லி. ஊற்றினால் 375 மி.கி., இரண்டு மடங்குக்கும் மேலே. சூத்திரம் தெரிந்திருந்தாலும் பாட்டிலின் அடர்த்தியைப் படிக்காவிட்டால் பயனில்லை. அதனால் என் நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் முதல் வரி 'பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?' என்பதுதான்.

எண்ணிக்கைக் கணக்கு சுலபம் என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். அமோக்சிசிலின் சிரப் 5 மி.லி., மூன்று வேளை, ஏழு நாள்: 105 மி.லி. 100 மி.லி. பாட்டில் ஒன்று கொடுத்தால் கடைசி வேளை குறையும். சல்பியூட்டமால் பஃப் (இன்ஹேலர்) ஒன்றில் 200 அழுத்தல். இரண்டு அழுத்தல், நான்கு வேளை என்றால் 25 நாள்தான் வரும், மாதம் முழுக்க வராது. இன்சுலின் இன்னும் வேடிக்கை. 3 மி.லி. பேனாவில் ஒரு மி.லி.க்கு 100 யூனிட், ஆக 300 யூனிட். இரவில் 20 யூனிட் என்றால் 30 நாளுக்கு 600, இரண்டு பேனா போதும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவையும் குத்துவதற்கு முன் 2 யூனிட் வெளியே விட்டுச் சரிபார்க்க வேண்டும். அதையும் சேர்த்தால் 660, மூன்று பேனா. பிரெட்னிசோலோனைக் குறைத்துக்கொண்டே போகும் சீட்டுகளும் நல்ல பயிற்சி. 5 மி.கி. மாத்திரையில் 30 மி.கி. ஐந்து நாள், 20 ஐந்து நாள், 10 ஐந்து நாள்: மாத்திரை எண்ணிக்கையும் 30, 20, 10, மொத்தம் 60.

தசமப் புள்ளிக்கு மட்டும் ஆங்கி உதவியது, ஏனென்றால் அது மனப்பாட வேலை. 0.25 மி.கி. டிஜோக்சின் 250 மைக்ரோகிராம், 62.5 மைக்ரோகிராம் என்றால் 0.0625 மி.கி. ஒரு சதவீதம் என்றால் 100 மி.லி.யில் ஒரு கிராம், அதாவது ஒரு மி.லி.யில் 10 மி.கி. இந்த மாதிரி மாறாத விஷயங்களை அட்டையில் போடுங்கள், மற்றதெல்லாம் நோட்டுக்கு. புள்ளிக்கு முன் சைபர் கட்டாயம், முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சைபரும் கூடாது. 5.0 என்று எழுதினால் அவசரத்தில் 50 ஆகத் தெரியும். கால்குலேட்டரைத் தொடும் முன் சுமாரான விடையை மனதில் போட்டுப் பார்க்கும் பழக்கம், எனக்குத் தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த காலத்துச் சொத்து. விடை 3.6 வரவேண்டிய இடத்தில் 36 வந்தால் விரல் தப்பிவிட்டது என்று உடனே தெரியும்.

பராமரிப்பு வேலையும் உண்டு. பழைய கட்டுகளில் வயிற்றுப் புளிப்புக்கான ரனிட்டிடின் இன்னும் கிடக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஏப்ரலில் அதைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இங்கேயும் அலமாரியில் இப்போது இருப்பது ஃபமோட்டிடின். செயலிக்கு இதெல்லாம் தெரியாது, நாம் நீக்கும் வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலமாரி முன் நின்று, வராத சரக்கின் அட்டையை நிறுத்திவைத்து, புதிதாக வந்ததைச் சேர்ப்பேன். சரக்கு லிஸ்ட் வரும் நாளில் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

"உங்க கட்டையே அனுப்பிடுங்களேன்" என்று கேட்பவர்களுக்கு வால் அட்டைகள், ஒலி நெருங்கிய ஜோடிகள், அலகு மாற்றம் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் அனுப்புகிறேன். பிராண்டுப் பகுதியை அனுப்புவதில்லை. ஈப்போவில் பெரிய ஃபார்மசியில் நிற்கும் பிள்ளைக்கும் குவாலா கங்சாரில் டாக்டர் கிளினிக்கில் மருந்து கட்டும் பிள்ளைக்கும் அலமாரி வேறு வேறு. அந்த அட்டைகளை அவரவர் பெட்டியைக் கையில் எடுத்து, லேபிளைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போதே பாதி ஏறிவிடும். ஐபோன்காரர்கள் பணம் கட்டும் முன் கடைக் கணினியில் ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள், ஒத்துவந்தால் வாங்கலாம்.